பாகு இறுகிடுச்சு, உருண்டை உதிருது, சாக்லேட் கட்டி தட்டிடுச்சு: பசங்களோட ஸ்வீட் செய்றப்ப எது சொதப்புனா என்ன பண்றது

தனியா செஞ்சா ஒழுங்கா வர்ற கடலை உருண்டை, பசங்களோட உக்காந்து செஞ்சா மட்டும் ஏங்க சொதப்புதுன்னு கேக்காத அம்மா அப்பா கெடையாது. ரெசிபி மேல குத்தம் இல்லங்க, நேரக் கணக்குதான் மாறுது. நமக்கு ஒரு உருண்டை புடிக்க அஞ்சு செகண்டு போதும், ஆறு வயசு பாப்பாவுக்கு ஒரு நிமிஷம் ஆகும், உருட்டுனதை எடுத்துட்டுப் போய் தாத்தாகிட்ட காட்டிட்டு திரும்பி வர்றதுக்குள்ள சட்டியில இருக்குற பாகு அதும்பாட்டுக்கு இறுகிடும். அதனால கீழ எந்தப் பிரச்சனையா இருந்தாலும் மொதல்ல மூணு கேள்வி கேட்டுக்கோங்க: சூடு கூடிடுச்சா, எங்கயாச்சும் தண்ணி சேந்துடுச்சா, இல்ல நாம சின்னக் கைங்களுக்காக காத்திருந்த நேரத்துல ஆறிப்போச்சா. பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணுதான்.

உங்க வீட்ல என்ன நடக்குதோ அந்த இடத்துக்கு நேரா போய் படிச்சுக்கலாம், வரிசையா படிக்கணும்னு இல்ல.

கடலை உருண்டை, பொரி உருண்டை: உருட்டறதுக்குள்ள இறுகிப்போகுது

தூக்கி எறிய வேணாம். சட்டியை திரும்ப சிம்ல வைங்க, அரை ஸ்பூன் நெய் விட்டு அடியில இருந்து மெதுவா பெரட்டிக் குடுங்க, ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷத்துல இளகும். தண்ணி ஊத்தாதீங்க, தண்ணி ஊத்துனா இளகும்தான், ஆனா அப்புறம் மொறுமொறுப்பு திரும்ப வராது, பொரி உருண்டைன்னா பொரியே நமத்துப் போயிரும். இளகுனதும் இன்னொரு பெரிய பாத்திரத்துல கொதிச்ச தண்ணி வச்சு அதுக்கு மேல சட்டியை உக்கார வச்சுட்டா இன்னும் கொஞ்ச நேரம் கூடக் கெடைக்கும்.

ஆனா இதுல ஒரு அடிப்படையான சிக்கல் இருக்கு, அதை யாரும் வெளிப்படையா சொல்றதில்ல. கடலை உருண்டைக்கு உருட்ட வர்ற சூடு குழந்தை கை தாங்குற சூடு இல்ல, குழந்தை கை தாங்குற அளவுக்கு ஆறினா உருட்ட வராது. பெரியவங்க கையில அரிசி மாவைத் தொட்டுக்கிட்டு சூட்டோட சூடா புடிச்சுப் பழகுனவங்க, அவங்க கைக்கு அது பழக்கம். அதனால பத்து வயசுக்குக் கீழ இருக்குற பசங்களை கடலை உருண்டை உருட்ட விடாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். அதுக்குப் பதிலா நெய் தடவுன தட்டுல கொட்டிப் பரப்பி, மேல ஒரு பட்டர் பேப்பர் போட்டு, நீங்க பூரிக்கட்டையால அழுத்தித் தேச்சுட்டு, வெதுவெதுப்பா இருக்குறப்பவே கத்தியால கோடு போட்டுருங்க. ஆறினப்புறம் கோட்டுல ஒடச்சு துண்டு பண்ற வேலைய பசங்ககிட்ட குடுங்க, டப்பு டப்புன்னு ஒடையிறதுல அவங்களுக்கு இருக்குற சந்தோஷம் உருட்டறதுல கூட வராது.

உருட்டியே ஆகணும்னு அழுதா, பாகே இல்லாத உருண்டைக்கு மாறிடுங்க. எள்ளை வறுத்து வெல்லத்தோட சேத்து இடிச்சா எள்ளுல இருக்குற எண்ணெயே புடிச்சுக்கும். பொட்டுக்கடலையைப் பொடிச்சு நாட்டுச்சக்கரை கலந்து இளஞ்சூட்டு நெய் ஊத்துனா மாவுருண்டை. இது ரெண்டும் அரைமணி நேரம் கெடந்தாலும் காத்திருக்கும், பாப்பா தாத்தாவைப் பாத்துட்டு வந்து உருட்டலாம்.

இறுகவே மாட்டேங்குது, பிசுபிசுன்னு பல்லுல ஒட்டுது

பாகு பதம் வர்றதுக்கு முன்னாடி எறக்கிட்டீங்க, அவ்வளவுதான். திரும்ப அடுப்புல வச்சு சரி பண்றது கஷ்டம், கடலை கருகிடும். அதை அப்படியே ஃப்ரிட்ஜ்ல வச்சு சின்னச் சின்னதா கிள்ளி, வறுத்த எள்ளுலயோ தேங்காத் துருவல்லயோ பெரட்டிக் குடுத்துடுங்க, மெத்துமெத்துன்னு வேற ஒரு ஸ்வீட்டா போயிரும்.

அடுத்த தடவைக்கு பதம் பாக்குற முறை: ஒரு கிண்ணத்துல பச்சத் தண்ணி எடுத்துக்கோங்க, அதுல பாகை ஒரு சொட்டு விடுங்க. கரைஞ்சு பரவுனா இன்னும் ஆகல. தண்ணிக்குள்ள ஒண்ணுகூடி விரல்ல மெத்துன்னு உருண்டா அது அதிரசத்துக்கான பதம். எடுத்து தட்டுல போட்டா டங்குனு சத்தம் கேட்டா அதுதான் கடலை உருண்டைப் பதம். இந்த டெஸ்ட்டை எட்டு ஒம்பது வயசுப் பசங்க அருமையா பண்ணுவாங்க, அடுப்புல இருந்து ரெண்டடி தள்ளி ஒரு ஸ்டூல்ல கிண்ணத்தை வச்சு, பாகை சொட்டு விடறது நீங்க, தண்ணிக்குள்ள ஆறினப்புறம் எடுத்துப் பாத்து சொல்றது அவங்கன்னு பிரிச்சுக்கோங்க. ஒரு சொட்டு நீளமா வால் விட்டு கரையும், அடுத்தது அடியில போய் தட்டையா உக்காரும், அதுக்கடுத்தது குண்டா நிக்கும், அந்த வித்தியாசத்தை அவங்க கண்ணு நம்மளை விட சீக்கிரம் புடிச்சிரும்.

பதம் கரெக்ட்டா பாத்தும் இறுகலைன்னா வெல்லத்தைப் பாருங்க. எல்லா வெல்லமும் பாகுக்கு ஆகாது. நம்ம சேலத்துல லீ பஜார்லயோ செவ்வாய்ப்பேட்டை மண்டியிலயோ வாங்குறப்ப வெறும் வெல்லம்னு கேக்காம உருண்டைக்குப் பாகு வெல்லம்னு கேட்டு வாங்குங்க, கடைக்காரருக்கே எதைக் குடுக்கணும்னு தெரியும். பழசாகி ஈரம் கோத்த வெல்லம், உப்புக் கரிக்கிற வெல்லம் ரெண்டும் சரியா இறுகாது. அப்புறம் பளிச்சுன்னு வெளிர் மஞ்சளா இருக்குற வெல்லத்தைப் பாத்து மயங்காதீங்க, அந்த நிறத்துக்காக கெமிக்கல் போடறதும் உண்டு, கொஞ்சம் மங்கலா பழுப்பா இருக்குறதுதான் குழந்தைகளுக்குக் குடுக்க நல்லது.

தெர்மாமீட்டர் வச்சுப் பண்ணியும் ஏற்காட்டுல பாகு முறுகிப்போகுது

இது மலையில இருக்குறவங்களுக்கும், லீவுக்கு மேல போய் காட்டேஜ் கிச்சன்ல பசங்களோட செய்றவங்களுக்கும். புத்தகத்துல மெத்துனு உருளுற பதம் 112ல இருந்து 116 டிகிரி, கெட்டி உருண்டைப் பதம் 121ல இருந்து 130 டிகிரின்னு போட்டிருக்கும். அதெல்லாம் கடல் மட்டத்துக் கணக்கு. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம், அங்க தண்ணியே 95 டிகிரி கிட்டக்க கொதிச்சிரும். பாகு பதம்ங்கறது அதுல மிச்சம் எவ்வளவு தண்ணி இருக்குங்கறதுதான், மலை மேல தண்ணி சீக்கிரமே ஆவியாகுறதால புத்தகத்து நம்பருக்காக காத்திருந்தீங்கன்னா தேவைக்கு மேல வத்திப்போயிருக்கும். அதனால எல்லா நம்பர்லயும் 5 டிகிரி கொறச்சுக்கோங்க. இல்லன்னா அங்கயே தண்ணியைக் கொதிக்க வச்சு உங்க தெர்மாமீட்டர் என்ன காட்டுதுன்னு பாருங்க, 100க்கு எவ்வளவு கொறையுதோ அவ்வளவு கொறச்சாப் போதும், தெர்மாமீட்டர்ல இருக்குற கோளாறும் அதுலயே சரியாயிடும். கீழ சேலத்துல அந்த வித்தியாசம் ஒரு டிகிரிதான், கண்டுக்க வேணாம். கிண்ணத் தண்ணி டெஸ்ட்டுக்கு மலையும் ஒண்ணுதான் ஊரும் ஒண்ணுதான், அதனாலயும் எனக்கு அது மேலதான் நம்பிக்கை ஜாஸ்தி.

சர்க்கரைப் பாகு திடீர்னு மணல் மணலா பூத்துடுச்சு

பாதிப் பாகுல பசங்க கரண்டியைப் போட்டுக் கிண்டியிருப்பாங்க, இல்ல சட்டி ஓரத்துல ஒட்டுன சர்க்கரை உள்ள விழுந்திருக்கும். கரையாத ஒரு சின்ன கிறிஸ்டல் போதும், சுத்தி இருக்குற சர்க்கரை எல்லாம் அதைப் புடிச்சுக்கிட்டு பூத்துரும். அரை டம்ளர் தண்ணி ஊத்தி முழுசா கரைய விடுங்க, நாலு சொட்டு எலுமிச்சம்பழம் புழிங்க, கொதி வந்ததுக்கப்புறம் கரண்டியை எடுத்து வெளிய வச்சிருங்க. எலுமிச்சை புளிப்புல சர்க்கரை கொஞ்சம் ஒடைஞ்சு குளுக்கோஸ் ஃபிரக்டோஸா பிரியும், அது கலந்திருந்தா மறுபடியும் பூக்காது. ஓரத்துல ஒட்டுறதை ஈர பிரஷ்ஷால தொடச்சு விடலாம்.

தேங்காய் பர்பி: துண்டு போட வரல

ரெண்டு விதமா வரும். கத்தி வச்சா பொடியா உதிருதுன்னா அதிகமா கிண்டிட்டீங்க, சட்டியில திரும்பப் போட்டு ரெண்டு மூணு ஸ்பூன் பால் தெளிச்சு, ஓரத்தை விட்டு சுருண்டு வர்ற வரைக்கும் மட்டும் கிண்டி உடனே தட்டுல கொட்டுங்க. கொழகொழன்னு இருக்குன்னா இன்னும் அஞ்சு நிமிஷம் கிண்டணும். ரொம்ப முத்துன தேங்காயா இருந்தா திப்பி திப்பியா வரும், அதுக்கு மிக்ஸியில ஒரு சுத்து விட்டுக்கறதைத் தவிர வழி இல்ல. பசங்களுக்காக சின்ன பிஸ்கட் கட்டர்ல நட்சத்திரம் பூவுன்னு வெட்டணும்னா, முழுசா ஆறினா ஒடையும், கை வைக்கிற சூட்டுல வெட்ட விடுங்க.

ரவா லட்டு உதிருது

சூடா நெய் ஒரு ஸ்பூன், பத்தலைன்னா வெதுவெதுப்பான பால் தெளிச்சுத் தெளிச்சு. பால் சேத்தா ரெண்டு நாள்ல தீத்துடணும், ஸ்கூல் டப்பாவுக்கு ஒரு வாரம் வரணும்னா நெய் மட்டும்தான். ரவையை வறுத்துட்டு மிக்ஸியில கொஞ்சம் பொடிச்சுக்கிட்டா சின்னக் கை அழுத்தத்துக்கே உருண்டை நிக்கும், இது முக்கியம், பசங்களுக்கு நம்ம அளவு அழுத்தம் குடுக்க வராது.

ஜவ்வரிசி: கஞ்சியாப் போச்சு, இல்லன்னா நடுவுல வெள்ளைப் புள்ளியாவே நிக்குது

நம்ம ஊருப் பொருளு, இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். சேலத்து ஜவ்வரிசிக்கு 2023ல புவிசார் குறியீடு வந்தது, சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் 1981ல இருந்து இருக்கு, ஆத்தூர் பக்கம் போனீங்கன்னா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு காடுதான். ஆனாலும் நம்ம வீட்டுப் பசங்கள்ல நெறைய பேருக்கு இது கெழங்குல இருந்து வருதுன்னே தெரியாது, ஒரு நாள் கெழங்கை வாங்கி தோலுரிச்சுத் துருவிப் புழிஞ்சு, அந்தத் தண்ணியை அரைமணி நேரம் அசைக்காம வச்சு, அடியில வெள்ளை வெளேர்னு படிஞ்ச மாவைத் தொட்டுப் பாக்க விடுங்க. அந்த மாவைத்தான் குருணையா உருட்டி வறுத்துக் காயவச்சு ஜவ்வரிசி ஆக்குறாங்க. அதைப் பாத்த குழந்தை அப்புறம் ஜவ்வரிசிய தட்டுல ஒதுக்காது. பச்சைக் கெழங்கை மட்டும் வாயில வைக்க விடாதீங்க, அது வேகவச்சுத்தான் சாப்பிடணும்.

இப்ப பிரச்சனைக்கு வருவோம். கடையில ரெண்டு வகை கெடைக்கும். மாவு ஜவ்வரிசி வெள்ளையா இருக்கும், சீக்கிரம் கரையும். நைலான் ஜவ்வரிசி கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருக்கும், முத்து முத்தா நிக்கும். பசங்களுக்கு சின்னக் கப்புல கலர் கலரா செய்யணும்னா நைலான்தான் எடுக்கணும், மாவு ஜவ்வரிசி வடாம் கூழுக்குத்தான் லாயக்கு.

கஞ்சியாப் போச்சுன்னா பெரும்பாலும் பச்சத் தண்ணியில போட்டு அடுப்பை ஏத்தியிருப்பீங்க. தண்ணி தளதளன்னு கொதிக்கணும், அதுல தூவணும், அப்பதான் மேல் பக்கம் உடனே வெந்து உருவம் நிக்கும். ஒரு பங்கு ஜவ்வரிசிக்கு ஏழு எட்டு பங்கு தண்ணியாவது வேணும், தாராளமா விடுங்க, எப்படியும் வடிக்கத்தான் போறோம்.

நடுவுல வெள்ளைப் புள்ளி நின்னா, அடுப்பை அணைச்சுட்டு மூடி போட்டு பத்துப் பதினஞ்சு நிமிஷம் வைங்க, உள்சூட்டுலயே வெந்துரும். அதுக்கும் மசியலைன்னா சர்க்கரையை முன்னாடியே போட்டீங்களான்னு பாருங்க. சர்க்கரை தண்ணியை இழுத்துக்கும், சர்க்கரைத் தண்ணிக்குள்ள ஜவ்வரிசி வேகவே வேகாது. முழுசா வெந்து கண்ணாடியான பின்னாடிதான் இனிப்பு.

வெந்த முத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னா வடிகட்டியில கொட்டி பச்சத் தண்ணி ஊத்தி அலசுங்க, மேல இருக்குற பசை போயிரும், முத்து தனித்தனியா ஆகும். இந்த அலசுற வேலை நாலு வயசுக் குழந்தைக்குன்னே இருக்குற வேலை, அந்த வழுக்கல் அவங்களை விடவே விடாது.

வெல்லம் ஊத்துனதும் பால் திரிஞ்சிடுச்சுன்னா, ரெண்டையும் சூட்டுல சேத்ததுதான் காரணம், வெல்லத்துல லேசான புளிப்பு இருக்கும். வெல்லப் பாகை வடிகட்டித் தனியா ஆறவிட்டு, பாலையும் ஆறவிட்டு, கடைசியா கலந்தா திரியாது. தேங்காப்பால்னா இந்தக் கவலை கொறைவு. திரிஞ்சதை மறுபடி சேக்க முடியாது, ஆனா சாப்பிடலாம், பால் அன்னைக்கு வாங்குன பாலா இருந்தா கெடுதல் ஒண்ணும் இல்ல.

மாம்பழ ஜெல்லி: செட் ஆகல, அல்லது கட்டி கட்டியா இருக்கு

மே மாசம் மல்கோவாவும் இமாம் பசந்தும் தெருவெல்லாம் வண்டியில வர்றப்ப இதைச் செய்யாம எதைச் செய்றது. கடல்பாசி (கடையில அகர் அகர், சைனா கிராஸ்னு கெடைக்கிறது) வச்சுச் செய்றதுதான் நம்ம ஊரு வெயிலுக்கு சரி, ஜெலட்டின் ஜெல்லி ஃப்ரிட்ஜை விட்டு வெளிய வந்தா இளக ஆரம்பிச்சிரும், கடல்பாசி ஒரு தடவை செட் ஆனா 85 டிகிரி வரைக்கும் இளகாது.

செட் ஆகலைன்னா கடல்பாசி முழுசா கரையலைன்னு அர்த்தம். தண்ணியில ஊறவச்சு, ரெண்டு மூணு நிமிஷம் நல்லாக் கொதிக்கணும், கரண்டியைத் தூக்கிப் பாத்தா ஒரு நூல்கூட தெரியக்கூடாது. வாயில போட்டுக்குற சைஸ் துண்டா நிக்கணும்னா 10 கிராம் கடல்பாசிக்கு பழக்கூழையும் சேத்து மொத்தம் முக்கால் லிட்டருக்கு மேல போகாதீங்க. செட் ஆகாததை திரும்பக் கொதிக்க வச்சு இன்னும் கொஞ்சம் கடல்பாசி கரைச்சு ஊத்தலாம், ஜெல்லியில இதுதான் பெரிய வசதி, எத்தனை தடவை வேணா உருக்கலாம்.

கட்டி கட்டியா இருந்தா மாம்பழக் கூழை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே கொட்டியிருப்பீங்க. கடல்பாசி 40 டிகிரி கிட்ட வந்தாலே ஒறைய ஆரம்பிக்கும், ஜில்லுனு ஒண்ணு பட்டா அந்த இடத்துலயே கட்டியாயிரும். கூழை வெளிய வச்சு, முடிஞ்சா லேசா சூடு காட்டிட்டு கலக்குங்க. எலுமிச்சை புழியறதுன்னா அடுப்பை அணைச்சதுக்கப்புறம், கொதிக்கிறப்பவே புளிப்பு சேந்தா கடல்பாசியோட புடிமானம் கொறையும்.

ஜெலட்டின்தான் இருக்குன்னா பச்சை அன்னாசியோ பப்பாளியோ போடாதீங்க, அதுல இருக்குற என்சைம் ஜெலட்டினைக் கரைச்சிரும், ராத்திரி முழுக்க வச்சாலும் தண்ணியாவே இருக்கும். வேகவச்சுட்டுப் போட்டா ஒண்ணும் ஆகாது.

சாக்லேட்: கெட்டியா களிமாதிரி ஆயிடுச்சு, வெள்ளை பூக்குது, அச்சுல இருந்து வரல

உருகிட்டு இருந்த சாக்லேட் சட்டுனு கட்டி தட்டுனா, எங்கயோ ஒரு சொட்டு தண்ணி பட்டிருக்கு. கீழ கொதிக்கிற தண்ணியோட ஆவி, ஈரக் கரண்டி, கை கழுவிட்டு தொடைக்காம வந்த குழந்தையோட விரல், எதுவா வேணா இருக்கலாம். கொஞ்சம் தண்ணிதான் கெடுக்கும், நெறைய திரவம் சேத்தா சரியாயிரும், கேக்க விசித்திரமா இருக்கும் ஆனா உண்மை. சூடான பாலோ கிரீமோ ஸ்பூன் ஸ்பூனா விட்டுக் கலக்கிட்டே வாங்க, பளபளன்னு சாஸா மாறும். அச்சுக்கு இனிமே ஆகாது, ஆனா ஆறவச்சு உருட்டி கோகோ பவுடர்ல பெரட்டலாம், பிஸ்கட்டை முக்கலாம், வாழைப்பழத்துல ஊத்தலாம்.

அச்சுல இருந்து வரலைன்னா அச்சு ஈரமா இருந்திருக்கும், இல்ல இன்னும் செட் ஆகல, ஃப்ரிட்ஜ்ல இன்னொரு பத்து நிமிஷம். மேல வெள்ளையா படலம் வந்தா பூஞ்சைன்னு பயப்படாதீங்க, சூடு ஏறி எறங்குனதுல கொழுப்பு மேல வந்து படியறது, இல்லன்னா ஃப்ரிட்ஜ் ஈரத்துல சர்க்கரை கரைஞ்சு பூக்குறது. சாப்பிடலாம், திரும்ப உருக்கி ஊத்தவும் செய்யலாம்.

நம்ம ஊர்ல இன்னொரு விஷயம் இருக்கு. அசல் சாக்லேட்ல இருக்குற கோகோ பட்டர் 34 டிகிரி கிட்டவே உருகிரும். ஏப்ரல் மே மாசம் அஸ்தம்பட்டியில ஒரு வீட்டு கிச்சன் மத்தியானம் அதைத் தாண்டியே இருக்கும், அப்புறம் எந்த டெக்னிக் வச்சும் அது கையில நிக்காது. அதனால வெயில் காலத்துல பசங்களோட பண்றதுக்கு காம்பவுண்ட் சாக்லேட்தான் வாங்கணும், அதுல வேற தாவரக் கொழுப்பு இருக்கு, பக்குவமா சூடு ஏத்தி எறக்குற வேலை இல்ல. ருசி அசல் அளவுக்கு வராது, அதை மறைக்க வேண்டியதில்ல. அசல்லதான் செய்வேன்னா காலைல ஆறு மணிக்கு செய்ங்க, இல்ல ஏற்காட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க.

மாரி பிஸ்கட் உருண்டை ஒட்டுது

கண்டென்ஸ்டு மில்க் கூடிடுச்சு. இன்னும் நாலு பிஸ்கட்டை பொடிச்சுப் போட்டு கால் மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சா சரியாப் போயிரும். வறவறன்னு இருந்தா பால், டீஸ்பூன் கணக்குல. கலர் ஸ்ப்ரிங்கிள்ஸ் சாயம் வுடுதுன்னா உருண்டை மேல ஈரம் இருக்குன்னு அர்த்தம், பரிமாறுறப்ப தூவிக்கோங்க.

கலர் மாறிப்போச்சு

2024 பிப்ரவரியில ரோடமைன் பி சாயம் இருக்குன்னு தமிழ்நாட்டுல பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டாங்கல்ல, அதுக்கப்புறம் நெறைய வீட்ல இயற்கைக் கலர்தான், ரொம்ப நல்ல விஷயம். ஆனா அதுக்குன்னு சில குணம் இருக்கு. பீட்ரூட் சாறை ரொம்ப நேரம் கொதிக்க வச்சா பழுப்பாயிரும், கடைசியா சேருங்க. மஞ்சத்தூள் போட்ட கேக் மாவுல சோடா கூடிடுச்சுன்னா செவப்பா மாறும். சங்குப்பூ தண்ணி நீலமா இருந்தது எலுமிச்சை பட்டதும் ஊதாவாச்சுன்னா அது கெட்டுப்போகல, புளிப்புக்கு அது அப்படித்தான் மாறும். இதைப் பசங்க முன்னாடி வேணும்னே செஞ்சு காட்டுங்க, கடல்பாசியில பாதி நீலம் பாதி ஊதான்னு ரெண்டு அடுக்கா ஊத்தலாம், கீழ் அடுக்கு தொட்டா விரல்ல ஒட்டாத அளவுக்கு ஒறைஞ்சதும் மேல் அடுக்கை வெதுவெதுப்பா ஊத்தணும், முழுசா ஜில்லுனு ஆயிட்டா ரெண்டும் ஒட்டாம வழுக்கி தனித்தனியா வந்துரும்.

பசங்க பாதியில எழுந்து போயிடறாங்க, இல்ல சண்டை

இதையும் ஒரு சமையல் பிரச்சனையாத்தான் பாக்கணும். பாதியில போறது பெரும்பாலும் வேலை அந்த வயசுக்குப் பொருந்தாததாலதான். மூணு வயசுக்கு பிஸ்கட்டை கவர்ல போட்டு பூரிக்கட்டையால தட்டறது, அஞ்சு வயசுக்கு உருட்டறது பெரட்டறது, ஏழு எட்டுக்கு அளந்து கொட்டறது, அதுக்கு மேல இருக்குறவங்களுக்கு பதம் பாக்குறது. அக்காவுக்கு ஒரு தட்டு தம்பிக்கு ஒரு தட்டுன்னு மொதல்லயே மாவைப் பிரிச்சு வச்சுட்டா முக்கால்வாசி சண்டை கெடையாது. அவன் உருட்டுனது கோணலா இருந்தா நீங்க எடுத்து திரும்ப உருட்டாதீங்க, அதைப் பாத்துட்டா அதுக்கப்புறம் அந்தக் கை நீளாது. "நல்லா இருக்கு கண்ணு, அடுத்தது பண்ணு"ன்னு சொல்லி தட்டுல வைங்க.

உருட்டறதை விட வாயில போடறது ஜாஸ்தியா இருந்தா, வெறும் மைதா, பச்சை முட்டை இருக்குற மாவை அவங்க கையில குடுக்கவே கூடாது, வயித்துக்கு ஆகாது. பொட்டுக்கடலை, பிஸ்கட், வறுத்த ரவை மாதிரி அப்படியே திங்கக்கூடியதை மட்டும் குடுத்துட்டு தின்னா தின்னட்டும்னு விட்டுடலாம். நாலு அஞ்சு வயசுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு முழுக் கடலை வேணாம், மூச்சுக்குழல்ல சிக்கும், ஒண்ணுரெண்டா பொடிச்சதுதான். ஒரு வயசுக்குள்ள தேன் கூடவே கூடாது.

பாகு கையில பட்டுடுச்சு

சர்க்கரைப் பாகு கொதிதண்ணியை விட சூடு, அதுவும் ஒட்டிக்கிட்டு சுடும், அதனாலதான் அடுப்புப் பக்கம் பெரியவங்க மட்டும்னு திரும்பத் திரும்ப சொல்றேன். பட்ட உடனே ஓடுற குழாத் தண்ணியில 20 நிமிஷம் காட்டணும், பாகு அதுலயே கரைஞ்சு போயிரும், பிச்சு எடுக்காதீங்க. ஐஸ், பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் வேணாம். கொப்புளம் வந்தாலோ, மொகத்துலயோ கை விரல் மேலயோ பட்டிருந்தாலோ டாக்டர்கிட்ட போயிருங்க.

டப்பாவுல வச்சது ரெண்டு நாள்ல பிசுபிசுக்குது

சூடு ஆறாம மூடிட்டீங்க, இல்ல காத்துல ஈரம். மழைக்காலத்துல ஏற்காட்டுல பனிமூட்டம் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளயே வரும், சர்க்கரையும் வெல்லமும் அந்த ஈரத்தை இழுத்துக்கும். அங்க கடலை மிட்டாய்க்கு பாகை ஒரு படி கூடுதலாவே காய்ச்சணும், செஞ்ச அன்னைக்கே ஆறினதும் இறுக்கமா மூடுற எவர்சில்வர் டப்பாவுல, அடுக்குக்கு நடுவுல பட்டர் பேப்பர் வச்சு மூடணும். பிசுபிசுத்ததை வெறும் தவாவை சூடு பண்ணி அணைச்சுட்டு அதுல பட்டர் பேப்பர் விரிச்சு கொஞ்ச நேரம் வச்சா ஓரளவு திரும்பும்.

சட்டியில பாகு இறுகிப் புடிச்சுக்கிச்சு

கத்தி, கம்பி நாரு எதையும் எடுக்காதீங்க. சட்டி நெறைய தண்ணி ஊத்தி, ஒட்டுன கரண்டியையும் உள்ளயே போட்டு ஒரு கொதி விடுங்க, எல்லாம் கரைஞ்சிரும். அந்தத் தண்ணியை நல்லா ஆற வச்சு வாசல்ல கொட்டாதீங்க, எறும்பு சாரை சாரையா வந்துரும், சிங்க்ல ஊத்தி குழாயைத் தொறந்து விட்டுருங்க.